ஒட்டுவதற்கு முன் பிரித்தறிதல்: ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் காற்று, சாலை இரைச்சல் பற்றிய நிகழ்வு ஆய்வு

கார் இரண்டு கதவு, இரண்டு இருக்கை கொண்டது. இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரங்களில். கதவுக் கண்ணாடியைச் சுற்றி உலோகச் சட்டம் கிடையாது. கதவைச் சாத்தியதும் கண்ணாடி சில மில்லிமீட்டர் மேலேறிக் கூரையோரத்து ரப்பர் பீடிங்கில் அழுந்தி நிற்கும். பின்னால் மேலே தூக்கித் திறக்கும் கதவு. டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை, எல்லாம் ஒரே அறை. பின் டயர் 255/35 ஆர்19 (அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 35 சதவீதம், ரிம் 19 அங்குலம்). கட்டமைப்பைப் பார்த்தவுடனேயே இரைச்சல் எங்கெங்கே நுழையக்கூடும் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை நம்பிக் கை வைத்ததால்தான் இந்தக் காருக்கு ஏற்கெனவே ஒரு வீண் செலவு ஆகியிருந்தது.

புகார் இரண்டு. வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஓட்டுநரின் காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து ‘ஸ்ஸ்’ என்று சீறல் கிளம்புகிறது. கரடான தார்ச்சாலையில் பின்பக்கத்திலிருந்து அடர்ந்த உறுமல் ஒன்று விடாமல் வருகிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது, நீண்ட பயணம் முடிந்து இறங்கினால் தலை கனக்கிறது என்றார் உரிமையாளர். என்னிடம் வருமுன் வேறொரு பணிமனையில் இரு கதவுகளிலும் தரையிலும் டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஒட்டுத்தாள்) ஒட்டிவிட்டிருந்தார்கள். ஒட்டிய பிறகும் வித்தியாசம் தெரியவில்லை. “அடுத்து கூரைக்கும் ஒட்டிடலாமா?” என்பதுதான் அவர் கேட்டது.

வேண்டாம் என்றேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு செய்த எல்லா வேலைக்கும் அதுவே அடிப்படை. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குக்கு அடங்காது. 70 டெசிபல் தரும் மூலமும் 60 டெசிபல் தரும் மூலமும் சேர்ந்தால் 70.4 டெசிபல்தான் வரும். அந்த 60-ஐ அடியோடு ஒழித்தாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது. சமமான இரண்டு மூலங்களில் ஒன்றை முற்றாக நிறுத்தினால்கூடக் குறைவது 3 டெசிபல். ஆகவே பெரிய மூலத்தைத் தொடாமல் சிறியதில் எவ்வளவு உழைத்தாலும் பலன் கண்ணில் படாது. வேலை தரமில்லை என்று தோன்றும். வேலையின் வரிசை பிழை என்பதே பெரும்பாலும் உண்மை.

ஒலித்தடுப்பில் ஓட்டை இருந்தால் நிலைமை இன்னும் கறாரானது. ஒரு தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் திறந்து கிடந்தால், மீதி 99 சதவீதத்தை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுத் தகட்டில் ஷீட்டை அடுக்கிவிட்டுக் கண்ணாடியோர இடைவெளியை விட்டுவைப்பது, கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சுவரைத் தடிமனாக்குவது மாதிரிதான்.

சாலையில் பிரித்தது

கருவியை எடுப்பதற்கு முன் காதால் பிரிக்க முடிந்தது எவ்வளவு என்று பார்த்தோம். டயர் அழுத்தம் தயாரிப்பாளர் குறித்த அளவில், ஏசியும் ப்ளோயரும் அணைத்து, டிக்கி காலி. டயர் சூடாகும்வரை ஓட்டிய பிறகே கேட்கத் தொடங்கினோம். ஓட்டுபவர் ஓட்ட மட்டும். கேட்பதும் குறிப்பதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. இதில் சமரசம் கூடாது.

முதல் பிரிப்பு இன்ஜின். மேனுவல் கியர் கார் என்பதால், ஆளரவமற்ற நேர்சாலையில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டோம். இன்ஜினை அணைக்கவில்லை, பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் அதை நம்பி இருப்பவை. இன்ஜின் சுழற்சி ஐடிலுக்கு இறங்கிய பிறகும் உறுமலும் சீறலும் அப்படியே இருந்தன. எக்ஸாஸ்ட் மேல் வந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

அடுத்த பிரிப்பு சாலைப் பரப்பு. வேகத்தை மாற்றாமல் வழுவழுப்பான தாரிலிருந்து ஜல்லி துருத்திய கரடான தாருக்குள் நுழையும்போது எந்த ஒலி மாறுகிறதோ அது டயர் வழி வருவது. மாறாமல் நிற்பது காற்று. இங்கே உறுமல் சட்டென்று எழுந்தது, சீறல் இம்மியும் அசையவில்லை. எதிர்க்காற்று வீசிய திசையிலும், திரும்பி வந்த திசையிலும் அதே வேகத்தில் ஓட்டியபோது இது தலைகீழானது: சீறல் ஏறி இறங்கியது, உறுமல் மாறவில்லை. இரண்டும் தனித்தனி நோய்கள் என்பது உறுதியாயிற்று. ஒரே மருந்து இரண்டுக்கும் ஆகாது.

வேகத்தோடு ஒலி எப்படி வளர்கிறது என்பதும் நல்ல சாட்சி. உடற்பரப்பில் மோதிக் கலையும் காற்றின் ஒலித்திறன் ஏறத்தாழ வேகத்தின் 6-ஆம் அடுக்கில் வளரும். வேகம் இரட்டித்தால் 18 டெசிபல். இடைவெளி வழியே கசியும் காற்றுக்கு 4-ஆம் அடுக்கு, 12 டெசிபல். டயர் இரைச்சல் 9 முதல் 12. அதனால்தான் 60-இல் டயர் மட்டும் கேட்கும் கார் 120-இல் காற்றாக மாறிவிடுகிறது. ஆனால் இந்தக் காரின் சீறல் படிப்படியாக வளரவில்லை. 85-இல் இல்லை, 95-இல் முழுசாக இருக்கிறது. அப்படித் திடீரெனப் பிறக்கும் ஒலி, அந்த வேகத்தில் ஏதோ ஒன்று இடம்பெயர்கிறது என்று சொல்கிறது.

மைக்கை ஓட்டுநரின் காது உயரத்தில், ஹெட்ரெஸ்ட் ஓரமாகப் பொருத்தி ஒலியைப் பதிவுசெய்து அதிர்வெண் வாரியாகப் பார்த்தோம். மொபைல் போனிலேயே இதைச் செய்யலாம். தானாக ஒலியளவைச் சரிக்கட்டும் வசதியை நிறுத்தும் ஆப் வேண்டும், இல்லாவிட்டால் முன்பின் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஏ-எடையிட்ட, அதாவது மனிதக் காதின் உணர்வுக்கேற்பத் திருத்திய, ஒற்றை எண்ணை மட்டும் நம்புவதும் தவறு. அந்த எடை 200 ஹெர்ட்ஸில் 11 டெசிபலையும் 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் கழித்துவிடும். தலையைக் கனக்கவைக்கும் உறுமல் குடியிருப்பதே அந்தக் கீழ்ப்பகுதியில்.

வரைபடத்தில் மூன்று மேடுகள். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாகப் பரந்த சீறல். 700 முதல் 1,000 வரை டயர் மிதிப்பின் (சாலையில் படும் ரப்பர் பரப்பின்) வழக்கமான மேடு, ஆனால் வழக்கத்தைவிடத் தடித்தது. மூன்றாவது 195 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல் நின்ற ஒரு முனை. வேகத்தை 70-இலிருந்து 110 வரை மாற்றினாலும் அந்த முனை இடம் மாறவில்லை. சக்கரச் சுழற்சியோடு பிணைந்த எதுவும் வேகத்தோடு நகர்ந்தே ஆகவேண்டும். நகராமல் நிற்பது, காற்று அடைபட்ட ஏதோ ஒரு குழிவான உள்ளிடத்தின் சொந்த ஒலி.

அந்த உள்ளிடம் டயரின் உட்புறம். கணக்கு எளிது: இந்த டயரின் வெளிவிட்டம் சுமார் 661 மில்லிமீட்டர், ரிம் 483. இரண்டின் சராசரியில் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். காற்றில் ஒலியின் வேகத்தை அதால் வகுத்தால் 190 ஹெர்ட்ஸ் வருகிறது. ஓடிச் சூடேறிய காற்றில் ஒலி வேகம் கூடுவதால் 200-ஐ நெருங்கும். சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் டயருக்குள் அடைபட்ட அந்தக் காற்றைத் தட்டுகிறது, அது அச்சு வழியாக உடலுக்குள் ஏறுகிறது. நைட்ரஜன் நிரப்பினால் போய்விடும் என்ற பேச்சு உண்டு. காற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏற்கெனவே நைட்ரஜன்தான். ஒலி வேகம் மாறும் அளவு புறக்கணிக்கத்தக்கது.

சீறலைத் தேடியது

இதற்குக் காகித மாஸ்கிங் டேப்பை விஞ்சிய கருவி இல்லை. கதவுக் கண்ணாடியின் விளிம்பு முழுவதும், முன் கண்ணாடியோர ஏ பில்லர் இணைப்பு, சைடு மிரரின் அடி, கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள பிளவு என எல்லாவற்றையும் மூடி ஒட்டினோம். அவசரத்தில் கதவைத் தள்ளினால் கிழிந்துவிடும் டேப்பாக இருக்க வேண்டும், பெயின்ட்டையும் உரிக்கக்கூடாது. ஒட்டியபின் 110-இல் கேபின் வேறு காராக இருந்தது. சீறல் சுத்தமாக இல்லை. அப்புறம் ஒவ்வொரு பட்டையாக உரித்து உரித்து ஓட்டினோம். மிரர் அடியை உரித்தபோது மெல்லிய மாற்றம். ஏ பில்லரில் ஒன்றுமில்லை. ஓட்டுநர் கண்ணாடியின் பின்மேல் மூலையை உரித்ததும் சீறல் முழுதாகத் திரும்பியது.

நிறுத்திவைத்து அந்த மூலையைச் சோதித்தால் குறை தெரியவில்லை. குழாய்த் தண்ணீரை அடித்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தண்ணீர் நுழையாத இடத்தில் காற்றும் நுழையாது என்று பலர் இங்கேயே தேடலை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் பீடிங்கின் உதட்டில் சாக்பீஸ் தூளைத் தடவி, கதவைச் சாத்தித் திறந்தோம். கண்ணாடியில் பதிந்த வெள்ளைக்கோடு முன்பக்கம் முழுவதும் ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவாக இருந்தது. பின்மூலைக்கு ஒரு சாண் இருக்கும்போதே மெலியத் தொடங்கி, மூலையில் நூல் போல ஆகிவிட்டது. காகிதத் துண்டை நடுவில் வைத்துச் சாத்தி இழுத்ததும் அதே கதை: முன்னால் கிழிந்தது, மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தொடுகிறது, ஆனால் அழுத்தவில்லை.

ஓடும்போது நடப்பதை இனிச் சொல்லிவிடலாம். ஏ பில்லரைச் சுற்றி வளைந்து ஓடும் காற்று வேகம் பிடிக்கிறது. பக்கக் கண்ணாடிக்கு வெளியே அழுத்தம் குறைகிறது. உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் கண்ணாடி வெளிப்புறமாக இழுபடுகிறது. சட்டமுள்ள கதவில் சட்டம் தாங்கிக்கொள்ளும். சட்டமில்லாக் கண்ணாடிக்குப் பிடிமானம் கதவின் அடியில் மட்டுமே. மேல்மூலை வளைந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். தொழிற்சாலையில் இதைக் கணக்கிட்டே கண்ணாடியைச் சற்று உள்ளே சாய்த்து, பீடிங்கில் அழுந்தும்படி வைக்கிறார்கள். காலப்போக்கில் ரப்பர் தட்டையாகிவிட்டால் அந்தக் கையிருப்பு கரைந்துவிடும். 90-ஐத் தாண்டியதும் இழுவிசை மிச்சமிருந்த அழுத்தத்தை வென்றுவிடுகிறது, உதடு பிரிகிறது, சீறல் பிறக்கிறது. இழுவிசை வேகத்தின் இருபடியில் வளர்வதால் 85-க்கும் 95-க்கும் இடையே அது கால் பங்கு கூடிவிடுகிறது.

கதவுத் தட்டியைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பு ஒட்டிய டேம்பிங் ஷீட்டின் கீழோரம் தொங்கி, கதவின் அடியில் இருந்த வடிகால் துளைகளில் ஒன்றை மூடிவிட்டிருந்தது. உள்ளே சேற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. துருவின் ஆரம்பம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் ஷீட் இப்படித்தான் நழுவும். கதவின் உள்தட்டிலுள்ள பெரிய துளைகளை மூடி ஒட்டுவதிலும் ஆபத்து உண்டு: சில கார்களில் பக்க மோதலைக் கண்டறியும் காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவுக்குள் அழுத்தம் எப்படி ஏறும் என்பதை மாற்றுவது ஏர்பேக்கோடு விளையாடுவதாகும். தொங்கிய ஷீட்டை வெட்டி எடுத்துத் துளையைத் திறந்தோம்.

பிறகு கண்ணாடி. பீடிங்கைப் புதிதாக மாற்றி, கண்ணாடியின் சாய்வையும் மேல் நிறுத்தத்தையும் பணிக்கையேட்டின் அளவுப்படி சரிசெய்து, கண்ணாடி தானாக இறங்கி ஏறும் அளவை மோட்டாருக்கு மறுபடி கற்பித்தோம். இங்கே பேராசை வேண்டாம். அதிகமாக உள்ளே சாய்த்தால் கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கும், கண்ணாடி விளிம்பு புதிய ரப்பரை அறுத்துவிடும். சாக்பீஸ் கோடு மூலைவரை ஒரே அகலத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டோம்.

வழுவழுப்பான சாலையில் 100-இல் ஏ-எடையிட்ட அளவு 75-இலிருந்து சுமார் 72.5-க்கு இறங்கியது. கரடான சாலையில் 79 என்பது 78 ஆனது, அவ்வளவுதான். அங்கே டயர்தான் பெரிய மூலம். முன்னால் சொன்ன கூட்டல் கணக்கை இதில் அப்படியே பார்க்கலாம். அந்தச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் பீடிங் வேலை வீண் என்று முடிவுகட்டியிருப்போம்.

பின்னாலிருந்து வந்த உறுமல்

முதலில் வீல் பேரிங்கை விலக்க வேண்டும். மெதுவாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டும்போது சுமை மாறும் பக்கத்தில் உறுமல் கூடினாலோ குறைந்தாலோ பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இங்கே மாறவில்லை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, சுருள் ஸ்பிரிங்கில் கைவைத்துப் பார்த்தபோதும் அதிர்வு இல்லை.

டயர் மேல் கைவைத்தபோதுதான் விடை. பின் டயர் மிதிப்பின் உள்ளோர ரப்பர் கட்டிகளை உருளும் திசையில் தடவினால் வழுவழுப்பு. எதிர்த்திசையில் தடவினால் ஒவ்வொரு கட்டியின் விளிம்பும் ரம்பம்போல் விரலில் தட்டியது. வெளியே நின்று பார்த்தால் மிதிப்பு ஆழம் தாராளமாக இருக்கும், குறை தெரியாது. இந்த டயர் ஒரு சுற்றில் சுமார் 2.05 மீட்டர் உருளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 13-க்கும் மேற்பட்ட சுற்று. சுற்றளவில் 60, 70 கட்டிகள் இருந்தால் நொடிக்கு 800, 900 தட்டல்கள். வரைபடத்தில் தடித்திருந்த நடுமேடு அதுவே. புது டயரில் கட்டிகளின் நீளத்தை வேண்டுமென்றே ஏற்றத்தாழ்வாக வைத்து அந்த ஒலியைச் சிதறடிக்கிறார்கள். தேய்மானம் அந்த உழைப்பைக் கெடுத்துவிடுகிறது. அலைன்மென்ட்டில் பின் சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வரம்பைத் தாண்டியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டிருந்தால் அதையும் இதே மாதிரி தின்றிருக்கும்.

ஆனால் டயர் இவ்வளவு சத்தம் போட்டாலும், அது இத்தனை தெளிவாக உள்ளே வருவதற்கு வழி வேண்டுமே. டிக்கியின் பக்கத் தட்டியைக் கழற்றினோம். பம்பருக்குப் பின்னால், கேபின் காற்று வெளியேறுவதற்கான திறப்பு ஒன்று எல்லாக் கார்களிலும் போலவே இருந்தது. அதில் மெல்லிய ரப்பர் மடல்கள் தொங்கும். உள்ளிருந்து காற்றுத் தள்ளினால் திறக்கும், இல்லாதபோது மூடும். ஒரு பக்கத்தில் மடல்கள் சுருண்டு விறைத்து, நிரந்தரமாகத் திறந்து நின்றன. உள்ளங்கை அளவு ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் பின் டயரின் பக்கவாட்டுச் சாலை தெரிந்தது. தரையெல்லாம் ஷீட் ஒட்டியும் பலனில்லாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இதை அடைத்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அடைக்கக்கூடாது. கதவைச் சாத்தும்போது காற்று வெளியேற வழியின்றிக் காது அடைக்கும், கண்ணாடியில் புகைமூட்டம் போல ஈரம் படியும், ஏசியின் காற்றோட்டமே மந்தமாகும். மடல் தொகுதியைப் புதிதாக மாற்றினோம். உட்பக்கத்தில், காற்று நேராகப் போகாமல் வளைந்து போகும்படி ஒரு சிறு தடுப்புப் பாதை அமைத்து அதன் சுவர்களில் நெய்யாத பாலியெஸ்டர் பஞ்சை ஒட்டினோம். காற்று வளைந்து போய்விடும், ஒலி ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் மோதித் தேயும். இந்த மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எடை சில நூறு கிராம்கூட இல்லை.

டயருக்கு, உட்சுவரில் பாலியூரிதேன் பஞ்சு ஒட்டி வருவதைத் தேர்ந்தெடுத்தோம். கான்டினென்டல், மிஷெலின், பிரெல்லி போன்ற பல தயாரிப்பாளர்களிடம் இத்தகையவை உண்டு. அந்த 195 ஹெர்ட்ஸ் முனைக்கு நேரடி மருந்து இதுதான். உடலில் எங்கே எதை ஒட்டினாலும் அந்த முனையை இவ்வளவு இறக்க முடியாது. பஞ்சர் ஒட்டும்போது அந்த இடத்துப் பஞ்சை வெட்டியெடுக்க வேண்டும் என்பதைச் செய்பவர் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய டயர் லேபிளில் அச்சாகும் டெசிபல் எண்ணைப் பார்த்து இத்தகைய டயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் கடந்துபோகையில் வெளியே நிற்பவருக்குக் கேட்கும் ஒலி. உள்ளே இருப்பவர் அனுபவிக்கும் 200 ஹெர்ட்ஸ் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகே ஷீட். பின் வீல் ஆர்ச்சின் உட்தகட்டில், தட்டினால் தகர ஓசை எழுந்த நடுப்பகுதிகளில் மட்டும் அலுமினியம் பூசிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை உருளையால் அழுத்தி ஒட்டினோம். அதன் வேலை தகட்டின் அதிர்வை விழுங்குவது, ஒலியை மறிப்பது அல்ல. தகட்டின் பாதிப் பரப்புக்குள் ஒட்டினாலே பெரும்பங்குப் பலன் கிடைத்துவிடும், முழுக்க மூடுவது எடைக்குத்தான் வழி. மறிப்பதற்கு நிறை வேண்டும்: நிறை இரட்டித்தால் 6 டெசிபல். அதனால் டிக்கித் தரையில் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கன வினைல் விரிப்பை மெல்லிய பஞ்சின் மேல் மிதக்கவிட்டோம். முன்பு கதவில் இரட்டையாக அடுக்கியிருந்த ஷீட்டில் மேலடுக்கை உரித்தெடுத்ததில், காரின் மொத்த எடை கூடவில்லை என்றே சொல்லலாம். ஸ்போர்ட்ஸ் காரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு வைப்பது என் பிடிவாதம்.

கடைசி அளவீட்டில் 100-இல் வழுவழுப்பான சாலையில் சுமார் 70, கரடான சாலையில் 74. எண்ணைவிட முக்கியம், 195 ஹெர்ட்ஸ் முனை சுற்றியுள்ள ஒலிக்குள் கரைந்து காணாமல் போனது.

புதிதாகச் சில ஒலிகள் கேட்கத் தொடங்கின. முன்பு பெரிய இரைச்சல்கள் அவற்றை மறைத்திருந்தன. பக்கக்காற்றில் மிரர் ஓரத்தில் ஒரு மெல்லிய முணுமுணுப்பு, கான்கிரீட் இணைப்புகளில் பின் சஸ்பென்ஷனின் தட்டல். தட்டலுக்குக் காரணம் கடினமான புஷ்கள், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் உருளைகள். மென்மையானவற்றைப் போட்டால் அடங்கும், திருப்பத்தில் பின் சக்கரங்களின் கூர்மையும் சேர்ந்து அடங்கும். உரிமையாளரும் நானும் பேசி அதை அப்படியே விட்டோம். பக்கக் கண்ணாடியை லேமினேட்டாக மாற்றலாமா என்றும் கேட்டார். நல்ல கேள்வி: 4 மில்லிமீட்டர் தனிக்கண்ணாடி 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை எளிதாக விட்டுவிடும், நடுவே மென்படலம் உள்ள லேமினேட் கண்ணாடி தடுப்பில் விழும் அந்தப் பள்ளத்தை நிரப்பும். இந்தக் கதவுக்கு அப்படி ஒரு பாகம் வரவில்லை. மேலே ஒட்டும் சாதாரண ஃபிலிம் அதற்கு மாற்றாகாது என்று சொல்லிவிட்டேன்.

இன்ஜின் ஒலியைக் குறைக்க எதுவும் செய்யவில்லை. 4,000 சுழற்சிக்கு மேல் அது இப்போது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.